நூற்று முப்பத்து மூன்றாவது டப்பா

வேங்கைப்பாறை, ஜவ்வாது மலை
13-1-1998

அன்புள்ள ஃபிர்தௌஸ்,

ஸ்தோத்திரம். நீ உதட்டைச் சுழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுழித்துக்கொள், எனக்கென்ன.

ஆலன் சார் போன வாரம் மலைக்கு வந்தார். காசநோய் ஆய்வில் அவர் வைத்திருக்கும் சட்டம் உனக்குத் தெரியும். ஊரில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது காலைச் சளியைக் கொடுக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் ஊரையே ஆய்விலிருந்து கழித்துவிடுவார். கழித்துவிட்டால் மாதம் ஒருமுறை வரும் டாக்டர் ஜீப்பும் நின்றுபோகும். இந்த மலைக்காரர்களுக்கு வேறு டாக்டர் யார் இருக்கிறார்கள், சொல்.

வேங்கைப்பாறையில் நூற்று நாற்பது பேர். எனக்கு வேண்டியது நூற்று முப்பத்து மூன்று டப்பா. கையில் இருப்பது நூற்று முப்பத்திரண்டு. ஏழு பேர் கரும்பு வெட்டக் கீழே போய்விட்டார்கள். மிச்சம் சௌந்தரம் ஒருத்திதான். இருபத்திரண்டு வயது. உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். இந்த ஊர்ப் பெண்களில் என் ஃபாரத்தை வாங்கி வாசித்துப் பார்த்தவள் அவள் மட்டும்தான், படித்துவிட்டு முடியாது என்றவளும் அவள்தான்!

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இந்த ஊர் வழக்கப்படி, பிறந்தபின் வரும் மூன்றாவது பௌர்ணமியன்று பெயர் வைப்பார்கள். அதுவரை தாயின் எச்சில் வீட்டைத் தாண்டக் கூடாதாம். "வெளிய போனா பால் வத்திடும் சிஸ்டர். பேரு வெச்சதும் ஒரு டப்பா இன்னா, நாலு டப்பா ரொப்பித் தர்றேன்" என்கிறாள். மூன்றாவது பௌர்ணமி பிப்ரவரி பதினொன்று. ஆலன் சார் கொடுத்த கெடு ஜனவரி இருபது. யார் காலில் விழ?

குழந்தை மட்டும் என்னிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது. மடியில் போட்டால் உடனே தூங்கிவிடுகிறது.

குளிர் தாங்கவில்லை. இருமல் மார்கழியோடு போகும் என்று பார்த்தேன், போகிற வழியைக் காணோம். கிராம்பு தீர்ந்துவிட்டது. அடுத்த ஜீப்பில் டிரைவர் ஆபேல் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. பள்ளிக்கூடப் பாட்டுக் குழு நாட்களிலிருந்தே வாயில் கிராம்பை அடக்கியே பழகிவிட்டேன், அது இல்லாமல் பேச்சே வரவில்லை.

உன்,
ஜெபராணி


வேலூர்
3-2-1998

ஜெபா,

கிராம்பு ஐம்பது கிராம் வைத்திருக்கிறேன். ஒரே வாரத்தில் தின்று தீர்த்தால் இன்னொரு தடவை அனுப்பமாட்டேன்.

மீட்டிங்கில் ஆலன் சார் உன் பேரைச் சொல்லிக் கை தட்டச் சொன்னார். "கடைசி நாள்ல நூத்தி முப்பத்து மூணாவது டப்பாவைக் கொண்டுவந்து சேத்தாங்க பாருங்க" என்றார். நானும்தான் தட்டினேன். அந்தப் பிடிவாதக்காரியை எப்படிச் சம்மதிக்க வைத்தாய்?

இப்போது அதைவிட முக்கியமான விஷயம். சௌந்தரம் பாசிட்டிவ். கிருமி அளவு ரெண்டு பிளஸ். நீ அனுப்பிய நூற்று முப்பத்து மூன்றிலும் அது ஒன்றுதான் பாசிட்டிவ். நீல நிறத்துக்கு நடுவே சிவப்பாகக் குச்சி குச்சியாகக் கிடந்தன கிருமிகள், எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீ மட்டும் அவளை விட்டிருந்தால் அந்தக் குழந்தையின் கதி என்ன ஆகியிருக்கும்! மருந்துப் பெட்டியோடு ஆலன் சாரே மேலே வருகிறார்.

அவளுக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டா? சளியில் பழுப்பாக ஒரு துணுக்கு கிடந்தது. ஈர்க்குச்சியால் ஒதுக்கிவிட்டுத்தான் ஸ்லைடு போட்டேன், நோட்டிலும் குறித்துவைத்திருக்கிறேன்.

வீட்டில் அதே பேஜார்தான். வக்கார் அண்ணன் ஆம்பூரிலிருந்து போன் போட்டு, "ஊரான் எச்சிலப் பாக்குற வேலை உனக்கு எதுக்கு, வந்துடு" என்கிறான். வேலையில் இதுவரை ஒரு தப்பும் இல்லாததால்தான் நான் வேலூரில் இருக்கிறேன். தப்பு வந்தால் மறுநாளே கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஃபிர்தௌஸ்


வேங்கைப்பாறை
10-2-1998

அன்புள்ள ஃபிர்தௌஸ்,

நீ நன்றாகத்தான் பார்த்தாயா? கோபித்துக்கொள்ளாதே. சாயம் சரியாகக் கழுவாமல் சிவப்பாக ஏதாவது ஒட்டியிருக்குமோ? பக்கத்து ஸ்லைடிலிருந்து வழிந்திருக்குமோ? இன்னொரு தடவை பார்க்க முடியுமா?

ஐந்தாம் தேதியே மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. தீட்டுக்காரி இருக்கும் வீட்டுக்குள் ஆண்கள் போகக்கூடாது என்பதால் ஆலன் சார் வாசலிலேயே நின்றுகொண்டார். என்னிடம்தான் எல்லாவற்றையும் கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஏழு மாத்திரை. விழுங்கினபிறகு நான்தான் பார்க்க வேண்டும். "வாயத் தொற. நாக்கத் தூக்கு." அவள் தூக்கிக் காட்டுகிறாள். என் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

ஊர்க்காரர்கள் கூடிப் பேசி அவளை ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் வைத்துவிட்டார்கள். குழந்தை மாமியாரிடம். தாய்ப்பால் கொடுக்கலாம், மருந்து சாப்பிட்டால் போதும் என்று ஆலன் சாரும் நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். யாரும் காதில் வாங்கவில்லை. குழந்தைக்கு ஆட்டுப்பால் புகட்டுகிறார்கள்.

இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்.

ஜெபராணி


வேலூர்
14-2-1998

ஜெபா,

ஏழு வருஷமாக இந்த மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். சாயத்துக்கும் கிருமிக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்கிறாயா? பாசிட்டிவ் ஸ்லைடுகளை நாங்கள் பத்திரப்படுத்தி வைப்போம். மறுபடி எடுத்துப் பார்த்தேன். லேப் இன்சார்ஜ் அக்தர் பானு மேடத்தையும் பார்க்க வைத்தேன். அதே ரெண்டு பிளஸ்தான், குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

உனக்கு என்ன ஆச்சு? கேஸ் கண்டுபிடித்தால் குதிப்பவள் நீ. இந்த முறை நோயே இல்லை என்று சொல்லச் சொல்லி என்னைக் கெஞ்சுகிறாய்.

எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

ஃபிர்தௌஸ்


வேங்கைப்பாறை
26-2-1998

அன்புள்ள ஃபிர்தௌஸ்,

அவள் மனசு மாறிவிட்டது, கொடுத்தாள். அதில் என்ன இருக்கிறது கேட்க?

மூன்றாவது பௌர்ணமியன்று பெயர் வைத்தார்கள். பூங்காவனம். தாய் எட்ட நின்று பார்த்தாள். சொன்ன சொல் தவறாமல் மறுநாள் காலையே டப்பாவைக் கேட்டு வாங்கினாள். மூன்று நாள், மூன்று டப்பா. மூன்றும் என் கண்ணெதிரே எடுத்தது. ஆபேல் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். மூன்றும் நெகட்டிவ் என்று நீயே எழுதி அனுப்பினாய். திருப்பத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தோம். ஆலன் சார் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, இளைக்கவில்லை, இருமல் என்ற பேச்சே இல்லை. ஒரு வாரம் மருந்து சாப்பிட்டதில் ரெண்டு பிளஸ் மறையாது என்று சார் முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். ஆனாலும் முடிவு தெரியும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாதாம்.

குழந்தைக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு நாளாக வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை நான்தான் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினேன். எடை முந்நூறு கிராம் குறைந்துவிட்டது. சௌந்தரத்துக்குப் பால் கட்டி ரெண்டு நாள் துடித்தாள், அப்புறம் வற்ற ஆரம்பித்துவிட்டது.

எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த ஊரை விட்டு வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி சாரிடம் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஜெபராணி


வேலூர்
6-3-1998

ஜெபா,

என்னை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆலன் சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "உங்க ஸ்லைடு தப்பில்லன்னு நானே பாத்தேன். அப்ப வேற எவனோட சளியோ அந்த ஸ்லைடுல ஏறியிருக்கு. லேப்லதான் மாறியிருக்கணும்" என்றார். டப்பா கழுவும் இடத்தில் எண் எழுத உட்காரவைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரையாம். வக்கார் அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மாசக் கடைசியில் வந்து என் பெட்டி படுக்கையைத் தூக்கப்போகிறான். அம்மீ போனில் அழவில்லை, "சரி, வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

எண் எழுதும் வேலையில் மூளைக்கு வேலை இல்லை. அதனால் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று பழைய நோட்டைப் புரட்டினேன். டப்பா எண் 133, பழுப்புத் துணுக்கு. அம்மீ கட்டிக்கொடுத்த மசாலா டப்பாவிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துக் கடித்தேன். ஒரு தாளில் துப்பிப் பார்த்தேன்.

மலையில் கிராம்பு மெல்லுவது யார், ஜெபா?

கேள்வி கேட்டுவிட்டேன். கண்டபடி நினைத்துக்கொள்வதற்கு முன் நீயே சொல்லிவிடு. நான் தப்பாக நினைக்கிறேன் என்று சொன்னால் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

ஃபிர்தௌஸ்


வேங்கைப்பாறை
10-3-1998

ஃபிர்தௌஸ்,

சந்தேகப்படுவதற்கு உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? அவள் இருமினாள் என்று நான்தான் ஒரு கிராம்பு கொடுத்தேன். அது சளியோடு வந்திருக்கும். லேபில் மாறியதற்கு நான் என்ன செய்ய முடியும்? உனக்காக ஜெபம் செய்கிறேன்.

ஜெ.


வேலூர்
13-3-1998

ஜெபராணி,

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி எழுதிய கடிதத்தில் அவளுக்கு இருமல் என்ற பேச்சே இல்லை என்றாய். கடிதம் என் கையில்தான் இருக்கிறது. மார்கழியிலிருந்து இருமுகிறவள் வேறு ஒருத்தி.

எனக்காக ஜெபம் செய்ய வேண்டாம். இத்துடன் ஒரு காலி டப்பா வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதில் துப்பு. லேபிளில் உன் பெயரை எழுது. உன் பெயரையே எழுது.

எனக்கு வேலை போனால் ஆம்பூரில் செருப்புக் கம்பெனியில் சேர்ந்துகொள்வேன். என்னைப் பற்றிய பயம் இல்லை இது. ரெண்டு பிளஸ் யாருடைய நெஞ்சிலோ இருக்கிறது. அது உன்னுடையதாக இருந்துவிடுமோ என்று நான் மூன்று நாளாகச் சோறு தின்னவில்லை, கழுதை.

ஃபிர்தௌஸ்


வேங்கைப்பாறை
20-3-1998

ஃபிர்தௌஸ்,

டப்பாவை அனுப்பிவிட்டேன். பெயர் என்னுடையதுதான்.

ஜனவரி இருபதாம் தேதி காலை ஜீப் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நூற்று முப்பத்திரண்டு டப்பாவையும் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. சௌந்தரம் கடைசியாக ஒரு தடவை முடியாது என்று சொல்லி அனுப்பினாள். காலி டப்பாவில் அவள் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. எனக்கு இருமல் வந்தது. அதிலேயே துப்பி மூடிவிட்டேன். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஊர் ஆய்வில் நிற்கட்டும், டாக்டர் வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். ஆலன் சார் கை தட்டச் சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ பாசிட்டிவ் என்று எழுதிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் அவள் வாயில் மாத்திரையைப் போட்டேன். லேப் தவறாக இருக்கட்டும் என்று ராத்திரி பகல் வேண்டினேன். எனக்கு நோய் இல்லை என்றால் அவளுக்கும் இல்லை, ஒரு தப்பும் நடக்கவில்லை என்றாகிவிடும் பார். அவள் நிஜ டப்பா நெகட்டிவ் ஆனால் அவளை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பழி உன் தலையில் விழும் என்று யோசிக்கவே இல்லை. விழுந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு என்ன பெயர் வைத்து எழுதுவது என்று தெரியவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. முதல் மாத்திரை கொடுத்த அன்று சௌந்தரம் கேட்டாள்: "நான் எச்சியே குடுக்கலியே சிஸ்டர், எனக்கு நோவு இருக்குதுன்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" நான் சொன்னேன், நீ தூங்கும்போது வாய் துடைத்த துணியிலிருந்து எடுத்தேன் என்று. அவள் முகம் வெளுத்துப்போனது. தன் எச்சில் வீட்டைத் தாண்டிவிட்டது என்று நம்பினாள். பால் வற்றியபோது அவள் என்னையே பார்த்தாள். வற்றும் என்று அவள் சொன்னாள், நான் வற்ற வைத்துவிட்டேன்.

ஆலன் சாருக்கு எல்லாவற்றையும் எழுதி இதே ஜீப்பில் கொடுத்திருக்கிறேன். உன் பேரில் தப்பில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். சௌந்தரத்திடம் இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன். கிராம்புப் பொட்டலத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஜெபராணி


வேலூர்
24-3-1998

ஜெபா,

மூணு பிளஸ்.

ஆலன் சார் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். என் மேஜை, என் மைக்ராஸ்கோப். திரும்பி வந்து முதலில் பார்த்த ஸ்லைடு உன்னுடையது. எத்தனையோ பாசிட்டிவ் பார்த்திருக்கிறேன், எந்த ஸ்லைடையும் பார்த்து அழுததில்லை. அக்தர் பானு மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வக்கார் அண்ணனிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கேட்டுக்கொள். உன்னை வேலையை விட்டு எடுத்தாகிவிட்டது, அதைச் சாரே எழுதுவார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஆபேல் அண்ணனே நாளைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு வருவார். ஜீப்பின் பின்னால் உட்கார், திரையை ஏற்றிவிடு, வாயைத் துணியால் மூடிக்கொள். டிசம்பரிலிருந்து எந்தெந்தக் குழந்தைகளைத் தூக்கினாய் என்று ஒரு பட்டியல் எழுது. ஒன்றைக்கூட மறைக்காதே. எல்லாருக்கும் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். பூங்காவனத்தின் பெயரை முதலில் எழுது.

உன்னைப் பார்க்க வார்டுக்கு வரமாட்டேன். என்மேல் பழி விழுந்து பதினைந்து நாள் நீ பேசாமல் இருந்தாய். நானும் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கிறேன்.

ஃபிர்தௌஸ்


வேங்கைப்பாறை
14-5-1998

அன்புள்ள ஃபிர்தௌஸ்,

ஆறு வாரம் வார்டில் கிடந்தேன். நீ சொன்னபடியே வரவில்லை. ஆனால் ஆபேல் அண்ணன் கையில் தினமும் டிபன் கேரியர் வந்தது. ஆட்டுக்கால் பாயாவை அவர் வீட்டில் செய்ததாகச் சொன்னார். அவர் வீட்டம்மா ஆட்டுக்காலைத் தொடமாட்டார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனிமேல் தொற்றாது என்று டாக்டர் சொன்னதும் நேரே ஆம்பூருக்கு, வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அம்மா பக்கத்து வீட்டில் எனக்கு டைபாய்டு என்று சொல்லி வைத்திருக்கிறாள். போகவில்லை. மலைக்கு பஸ் ஏறினேன். சௌந்தரத்திடம் அன்று சொல்ல ஆரம்பித்தபோது அவள் கதவைச் சாத்திவிட்டாள். பாதியில் நின்ற பேச்சு அது.

ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சௌந்தரத்தின் மாமியார் எழுந்து, "மலைக்காரின்னா நோவு இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வர்றீங்க. அதான் உன் நோவ எங்க பேர்ல எழுதிட்ட" என்றாள். அவள் மகன் அடிக்க வந்தான். கவுண்டர் கையை நீட்டித் தடுத்தார். என்ன தண்டனை என்று பேச்சு எழுந்தது. ஒருவர் ஊருக்குள்ளே வரக்கூடாது என்றார், இன்னொருவர் கோயிலில் விழுந்து கும்பிடட்டும் என்றார்.

சௌந்தரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் எப்படிப் பேசுவாள் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். "போவச் சொல்லாதீங்க. போய்ட்டா இவளுக்கு நிம்மதி. ஏழு ஏழா இருபத்திரெண்டு நாளு மாத்திர முழுங்கினேன் நானு, இல்லாத நோவுக்கு. இவளுக்கு இருக்குற நோவுக்கு இங்கயே வந்து முழுங்கட்டும். முடியிற வரைக்கும் நான் பாக்குறேன்" என்றாள்.

கவுண்டர் தலையை ஆட்டினார். தீர்ப்பு அதுதான். அவளை வைத்த அதே குடிசையில் இப்போது நான் இருக்கிறேன்.

ஆலன் சாருக்கு எழுதினேன். ஊரை ஆய்விலிருந்து கழித்துவிட்டார், நூற்று முப்பத்திரண்டுதானே. ஆனால் நூற்று நாற்பது பேரும் என்னோடு பழகியவர்கள், எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும் என்று ஜீப் மாதாமாதம் வருகிறது. என் மாத்திரையும் அதில்தான் வருகிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் சௌந்தரம் வருகிறாள். மாத்திரையை எண்ணிக் கையில் போடுகிறாள். விழுங்கியதும், "வாயத் தொறங்க சிஸ்டர். நாக்கத் தூக்குங்க" என்கிறாள். தூக்கிக் காட்டுகிறேன். கார்டில் கையெழுத்துப் போடுகிறாள். நேற்று போகும்போது வாசலில் நின்று, "ஒண்ணுக்கு செவப்பா போவுதா?" என்று கேட்டாள். போகிறது என்றேன். "எனக்கும் போச்சு. ரத்தம்னு நெனச்சி செத்தேன்" என்றாள்.

குழந்தைக்கு எடை ஏறியிருக்கிறது. மறுபடி மார்பில் போட்டுப் போட்டுக் கொஞ்சம் பால் ஊறியிருக்கிறதாம். பழைய அளவு இல்லை. குழந்தையை என் கையில் தருவதில்லை, நானும் கேட்கவில்லை.

ஜெபராணி


வேங்கைப்பாறை
4-6-1998

அன்புள்ள ஃபிர்தௌஸ்,

பதில் எழுதாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. ஆனாலும் இந்த டப்பாவை நீயே பார்க்க வேண்டும்.

ரெண்டு மாத மருந்து முடிந்தது, சளி அனுப்பச் சொல்லி ஆலன் சார் எழுதியிருந்தார். காலையில் டப்பாவை எடுத்தேன். சௌந்தரம் கையை நீட்டி, "அதக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காலியாத்தான் கீது. இப்ப என் கண்ணு முன்னால துப்புங்க" என்றாள். துப்பினேன். மூடியை அவளே திருகினாள். பேனாவை என்னிடமிருந்து பிடுங்கி லேபிளில் என் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, 'பார்த்தது: சௌந்தரம்' என்று போட்டாள். அப்படி ஒரு இடமே நம் லேபிளில் கிடையாது, அவளாகவே கோடு கிழித்துப் போட்டாள்.

என் வார்த்தையை நீ நம்ப வேண்டாம். அவள் கையெழுத்தை நம்பு.

ஜெபராணி


வேலூர்
9-6-1998

ஜெபா,

வழக்கமாக ஒரு ஸ்லைடில் நூறு இடம் பார்ப்போம். முந்நூறு பார்த்தேன். மேடம் இன்னொரு முந்நூறு பார்த்தார். முழுக்க நீலம்தான். சிவப்பு ஒன்றுகூட இல்லை.

இன்னும் நாலு மாசம் மாத்திரை இருக்கிறது, ஆட்டம் போடாதே.

சௌந்தரம் கோடு கிழித்த லேபிளை ஆலன் சாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து எல்லா டப்பாவிலும் அந்தக் கோடு இருக்கும். 'பார்த்தது' என்று போட்டு ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதை அவளிடம் சொல். சார் சொன்னார் என்று சொல்லாதே, அவள் சொன்னபடி நாங்கள் கேட்டோம் என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்த வருஷம் உன் முகத்தைவிட உன் சளியைத்தான் ஜாஸ்தி பார்த்திருக்கிறேன். அம்மீ பாயா செய்து தருகிறாள். ஒரு பங்கு சௌந்தரத்துக்கு, பால் ஊறுமாம். கதவைத் திறந்தே வை.

ஃபிர்தௌஸ்